ஸ்பேனருக்கு முன் மைக்ரோமீட்டர்

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பணக்காரர்களின் வண்டி, அதன் எஞ்சினைக் கம்பெனி மெக்கானிக் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும் வீட்டை ஒட்டிய கராஜில், சனி ஞாயிறுகளில், பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை இறக்கிப் பிரிக்கிறார்கள். தேய்ந்ததை மாற்றி, புதுக் கிளட்ச் போட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்துவருகிறது. பார்ப்பவர்கள் வியப்பது பெரும்பாலும் அவர்களின் கைத்திறமையை. கைத்திறமை வேண்டியதுதான், ஆனால் இந்த வேலையின் வெற்றி தோல்வியை அது தீர்மானிப்பதில்லை. எதை அளக்க வேண்டும், அளந்த எண் என்ன சொல்கிறது, எந்தக் கட்டத்தில் கையை எடுத்துவிட்டுப் பொருளை லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்தவர் வீட்டிலேயே எஞ்சினைப் புதுப்பித்துவிடலாம். இது தெரியாதவர் எவ்வளவு விலையுயர்ந்த டூல் செட் வாங்கினாலும் அந்த எஞ்சின் நெடுநாள் ஓடாது. இதற்கு நல்ல சான்று எம்.ஜி.பி. என்ற கார்.

எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரானது. கூரை திறந்த வடிவமும் கூபே வடிவமும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. 1,798 சி.சி. கொள்ளளவு, நான்கு சிலிண்டர், தொடக்கத்தில் சுமார் 95 குதிரைத்திறன். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொடும் வேகம். அந்தக் காலத்துக்கு இது நல்ல வேகம்தான். ஆனால் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது பந்தயத்துக்கென்றே பிறந்த எஞ்சின் அல்ல. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் குடும்பக் கார்களுக்காக வைத்திருந்த ‘பி சீரீஸ்’ எஞ்சினைப் பெரிதாக்கி இதில் பொருத்தினார்கள். அதே வரிசையின் 1,489 சி.சி. எஞ்சின் 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. நம் நாட்டு அம்பாசடரிலும் பல்லாண்டு ஓடியது. அம்பாசடருக்கு போரிங் போட்டு, வால்வு தேய்த்து, கிளட்ச் மாற்றிய தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் நெருங்கிய உறவைத்தான் கையாண்டுகொண்டிருந்தார்கள். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், பிளாக்குக்குள்ளேயே கேம் ஷாஃப்ட், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர். கம்ப்யூட்டரோ சென்சாரோ கிடையாது. இந்த எளிமைதான் வீட்டு வேலைக்கு முதல் அடிப்படை.

எஞ்சினையும் கிளட்ச்சையும் ஒரே வேலையாகப் பேசுவதற்குக் காரணம் இந்தக் காரின் அமைப்பு. எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச், இரண்டுக்கும் நடுவில் ஃப்ளைவீலோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. பல கார்களில் கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கிக் கிளட்ச்சை மாற்றிவிடலாம். எம்.ஜி.பி.யில் அதற்கு வழியில்லை. எஞ்சின் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே கிளட்ச்சின் விலையைவிட அதை எட்டும் கூலிதான் பெரிது. கிளட்ச்சுக்காக எஞ்சினை இறக்கியவர் எஞ்சினின் பின்பக்க ஆயில் கசிவைப் பார்க்காமல் ஏற்றினால், அந்த ஆயில் புதுக் கிளட்ச் பிளேட்டில் படிந்து அதையும் கெடுக்கும். எஞ்சின் வேலைக்காக இறக்கியவர் பழைய கிளட்ச்சையே திரும்பப் பூட்டினால், சில மாதங்களில் மறுபடியும் அதே எஞ்சினை இறக்க நேரலாம். இரண்டையும் ஒரே தடவையில் முடிப்பது ஆடம்பரமில்லை, சிக்கனம்.

எளிய எஞ்சின் மட்டும் போதாது. அதன் அளவுகள் எழுத்தில் கிடைக்க வேண்டும். இந்த இடத்தில் இலங்கையோடு தொடர்புள்ள ஒருவரைச் சொல்ல வேண்டும். ஜான் ஹெய்ன்ஸ் 1938-ல் அன்றைய சிலோனில், தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்புக்கு இங்கிலாந்து போனவர், ஆஸ்டின் செவன் காரை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றி, அந்த வேலையை விளக்கி 1956-ல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். பின்னர் விமானப்படையில் சேர்ந்து ஏடனில் இருந்தபோது, சக ஊழியர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் எஞ்சினைப் பிரிக்க உதவினார். கம்பெனி கொடுத்த கையேடு பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்காக எழுதப்பட்டது, சாதாரண ஆளுக்கு உதவாது என்று அப்போது தெரிந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து வரிசைப்படுத்தினார். 1966-ல் ஸ்பிரைட்டுக்கான முதல் ஹெய்ன்ஸ் கையேடு வெளிவந்தது. எம்.ஜி.பி. உட்படப் பல நூறு மாடல்களுக்கு வந்த இந்தக் கையேடுகள் உலகெங்கும் 20 கோடிக்கு மேல் விற்றன. ஒரு காரை முழுதாகப் பிரித்துப் பூட்டிப் பார்த்து எழுதுவதே இவற்றின் முறை. இறுக்க வேண்டிய விசை, விட வேண்டிய இடைவெளி, தேய்மானத்தின் எல்லை எல்லாம் எண்களாக அச்சில் வந்தன. பட்டறைக்குள் குரு சீடனுக்குக் காட்டிவந்த ரகசியங்கள் கடையில் விற்கும் புத்தகமாயின.

அந்த எண்களின் பயன் எஞ்சினைப் பிரிக்கும் முன்பே தொடங்குகிறது. எஞ்சின் ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது என்றவுடன் ஸ்பேனரை எடுப்பவர் பாதி வழியில் திணறுவார். முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டினால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வில் கோளாறு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம் விழும். சூடான எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் 50 முதல் 80 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும் என்பது எம்.ஜி.பி.யின் கணக்கு, அதற்கு வெகுவாகக் கீழே போனால் பேரிங்குகளையும் ஆயில் பம்ப்பையும் பார்க்க வேண்டும். கிளட்ச்சுக்கும் இதே விதிதான். எஞ்சின் உறுமியும் வண்டி முன்னேறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. பெடலை மிதித்தும் கியர் கரகரவென்று விழுந்தால், கிளட்ச் நன்றாகவே இருந்து, பெடலின் அழுத்தத்தைக் கடத்தும் ஹைட்ராலிக் சிலிண்டரின் ரப்பர் சீல் மட்டும் கெட்டிருக்கலாம். சின்ன ரப்பருக்காக எஞ்சினையே இறக்கியவர்கள் உண்டு. அந்த ஹைட்ராலிக் சிலிண்டரின் தள்ளுகோல் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று முதலில் அளந்திருந்தால் அந்த வேலை மிச்சம்.

இறக்குவது என்று முடிவானால், அதில் திறமையைவிட ஒழுங்குதான் முக்கியம். வார்ப்பிரும்பு எஞ்சின் 150 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தூக்க வாடகைக்குக் கிடைக்கும் எஞ்சின் ஹாய்ஸ்ட் வேண்டும். கயிறும் நண்பர்களின் தோளும் போதாது. எம்.ஜி.பி.யில் கியர்பாக்ஸோடு சேர்த்தே எஞ்சினைச் சாய்த்து பானெட் வழியாக வெளியே எடுப்பவர்கள் அதிகம். கழற்றும் ஒவ்வொரு ஒயருக்கும் ஹோஸுக்கும் சீட்டு கட்ட வேண்டும். போல்ட்டுகளை அந்தந்த இடத்தின் பெயரெழுதிய பைகளில் போட வேண்டும். உள்ளே போகப் போக இந்த ஒழுங்கு இன்னும் கட்டாயமாகிறது. கனெக்டிங் ராடின் மூடி அதே ராடுக்கு மட்டும்தான் பொருந்தும். மெயின் பேரிங் மூடிகளையும் இடம் மாற்றக்கூடாது. மூடியைப் பூட்டிய நிலையில்தான் அந்தத் துளையை ஆலையில் கடைந்திருப்பார்கள். பழைய கேம் ஷாஃப்ட்டையே பயன்படுத்துவதென்றால் அதன் மேல் உரசும் டேப்பெட்டுகளும் அவை தேய்ந்து பழகிய அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். கலந்துபோனால் எந்தத் திறமையாலும் பிரித்தறிய முடியாது.

பிரித்துக் கழுவிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் கிராங்க் ஷாஃப்ட் கெட்டுப்போனதாக இருக்கலாம். கறுத்துக் கிடக்கும் சிலிண்டர் அளவுக்குள் இருக்கலாம். பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தலைமயிர் ஒன்றின் தடிமனுக்குள் அடங்கிவிடும். இதைக் கண்ணோ விரலோ உணராது. கிராங்க்கின் ஒவ்வொரு ஜர்னலையும், அதாவது பேரிங்குக்குள் சுழலும் பகுதியையும், மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளந்தால், தேய்மானத்தோடு அது வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகிவிட்டதா என்பதும் தெரியும். சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று போர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங் திரும்பும் மேல் விளிம்பில்தான் தேய்மானம் அதிகம். அங்கே ஒரு படி விழுந்திருக்கும். புதிய எம்.ஜி.பி. எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 80.26 மி.மீ. அளந்த எண் எல்லைக்குள் இருந்தால் சிலிண்டர் சுவரை லேசாக உரசி ஹோனிங் செய்து புது ரிங் போட்டால் போதும். எல்லை தாண்டினால் புது ரிங் வீண் செலவு. தேய்ந்த சிலிண்டரில் அது நெடுநாள் நிற்காது. சிலிண்டர் ஹெட்டின் தளத்தில் நேர்கோல் வைத்து, ஃபீலர் கேஜ் செருகி, வளைவு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வீட்டு வேலையின் எல்லை இங்கே தெளிவாகிறது. சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், ஃப்ளைவீல் முகத்தைக் கடைதல், ஹெட் தளத்தைச் சமப்படுத்துதல், விரிசல் சோதனை எல்லாம் பட்டறையின் வேலை. கிராங்க்கைக் கடைந்தால் 0.010, 0.020 அங்குலம் என்று குறிப்பிட்ட படிகளில்தான் கடைவார்கள். அதற்கேற்ற தடித்த பேரிங்குகள் கடையில் கிடைக்கும். வால்வு சீட்டும் பட்டறையைச் சேர்ந்ததே. ஈயம் கலந்த பெட்ரோலை நம்பி வடிவமைத்த எஞ்சின் இது. ஈயம் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் 2000-ஆம் ஆண்டோடு அந்தப் பெட்ரோலின் பொது விற்பனை முடிந்தது. இன்று ஹெட்டைக் கழற்றுபவர் கடினப்படுத்திய சீட் வளையங்களைப் பதிப்பது அதனால்தான். இவ்வளவும் வெளியே போகிறதென்றால் வீட்டில் செய்ததாக எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். எதை அனுப்ப வேண்டும், எந்த அளவுக்குக் கடையச் சொல்ல வேண்டும், திரும்பி வந்தது சரியாக இருக்கிறதா என்ற மூன்றையும் முடிவு செய்பவர் வீட்டுக்காரர்தான். பட்டறை வெட்டித் தருகிறது. பொறுப்பு அவரிடமே இருக்கிறது.

பூட்டுவதைக் கழற்றியதன் தலைகீழ் வேலை என்று நினைப்பது பெரிய தவறு. கழற்றும்போது துரு பிடித்த நட்டோடு மல்லுக்கட்டலாம். பூட்டும்போது மல்லுக்கட்ட நேர்ந்தால் ஏதோ தவறாகப் போகிறது என்று பொருள். ஆயில் ஓடும் வழிகளில் போரிங் தூள் ஒரு துளி தங்கினாலும் புதுப் பேரிங்கில் முதல் நாளே கீறல் விழும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை அளந்த பிறகே பிஸ்டனில் மாட்ட வேண்டும். மெயின் பேரிங் மூடி சுமார் 70 பவுண்டு-அடி, ஹெட் நட் சுமார் 50 பவுண்டு-அடி என்று டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன வரிசையில், படிப்படியாக இறுக்க வேண்டும். மூடிகளை இறுக்கிய ஒவ்வொரு முறையும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார்த்தால், எங்கே இறுகுகிறது என்று உடனே தெரிந்துவிடும். கிளட்ச் பிளேட்டை எந்த முகம் ஃப்ளைவீல் பக்கம் என்று பார்த்து, சென்டரிங் டூலால் நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கியர்பாக்ஸை இணைக்கும்போது அதன் கனம் பிளேட்டின் நடுப்பகுதியில் தொங்கக்கூடாது. தொங்கினால் பிளேட் வளைந்து, புதுக் கிளட்ச் முதல் நாளிலிருந்தே சரியாக விடுபடாது. புதுக் கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால், முதல் ஸ்டார்ட்டில் சும்மா ஐட்லிங்கில் விடாமல் 2,000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் போல ஓட்டிப் பழக்க வேண்டும். மெதுவாக ஓடினால் கேமுக்கும் டேப்பெட்டுக்கும் தேவையான ஆயில் எட்டாது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் புதுப்பித்த எஞ்சினையே விலைக்கு வாங்கலாமே என்பது முதல் ஆட்சேபம். நேரத்துக்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்த்தால் அது நியாயமானதுதான். வீட்டில் செய்வது எப்போதும் மலிவு என்று சொன்னால் பொய். பட்டறைக் கூலியும் பாகங்களும் சேர்ந்தே கணிசமாக வரும். ஆனால் வாங்கும் எஞ்சினுக்குள் அளவுகள் எப்படி இருக்கின்றன என்பது வாங்குபவருக்குத் தெரியாது; தானே அளந்தவருக்குத் தெரியும். அடுத்த கோளாறு வரும்போது எங்கே தேட வேண்டும் என்பதும் அவருக்கே தெரியும். அதோடு, இத்தகைய காருக்குப் பாகங்கள் கிடைப்பதே அதை வீட்டில் பழுதுபார்ப்பவர்கள் ஏராளமாக இருப்பதால்தான். ஆபிங்டன் ஆலை 1980-ல் மூடப்பட்ட பிறகு, 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. வாங்க ஆள் இல்லாத காருக்கு யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

ஆபத்து என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கு உலை வைக்கும். உறுதியான ஸ்டாண்டுகள் இல்லாமல் தொடங்கவே கூடாது. பழைய கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூளை வாயாலோ காற்றாலோ ஊதக்கூடாது, மாஸ்க் அணிந்து ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கதவடைத்த கராஜில் எஞ்சினை ஓட்டினால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். கழித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். இந்த விதிகளைக் கடைப்பிடிக்க இடமோ பொறுமையோ இல்லாதவர் வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே சரி. ஆனால் இவற்றில் எதுவும் பட்டறைக்காரருக்கு மட்டும் தெரிந்த வித்தையல்ல. அளப்பதில் பொறுமை காட்டுபவர் இதிலும் பொறுமை காட்டுவார். அவசரக்காரருக்கு இரண்டிலும் ஆபத்து.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: இதெல்லாம் பழைய காருக்குப் பொருந்தும், இன்றைய காருக்கு என்ன சம்பந்தம்? கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டர்போ எஞ்சினையும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸையும் கராஜில் பிரிப்பது பெரும்பாலானவர்களுக்கு ஆகாத வேலை. இருந்தாலும் இன்றைய எஞ்சினிலும் பிஸ்டன், பேரிங், கிராங்க் எல்லாம் அதே பௌதிக விதிப்படிதான் தேய்கின்றன. எட்டாமல் போனவற்றில் முக்கியமானது தகவல். கோளாறுக் குறியீடும் பழுதுபார்க்கும் முறையும் கம்பெனிகளின் பூட்டுக்குள் போய்விட்டன. இதை எதிர்த்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012-ல் கார் பழுதுபார்க்கும் தகவலைக் கார் கம்பெனிகள் பகிர வேண்டும் என்று பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்துக் குழு அமைத்தபோது வாகனங்களையும் அதில் சேர்த்தது. எம்.ஜி.பி. காட்டும் பாடத்தின் இக்கால வடிவம் இதுவே: எழுத்தில் கிடைக்கும் அளவுகள்தான் சாதாரண ஆளைப் பழுதுபார்ப்பவராக்குகின்றன, அவற்றை மூடினால் எளிய கோளாறுக்கும் கம்பெனி வாசலில் நிற்க வேண்டிவரும்.

ஆகவே பழைய ஸ்போர்ட்ஸ் காரோ, தாத்தா விட்டுப்போன அம்பாசடரோ, எதை வைத்திருப்பவரானாலும் எஞ்சினைத் தொடுமுன் வாங்க வேண்டியவை மூன்று: அந்த மாடலின் கையேடு, ஒரு ஃபீலர் கேஜ், ஒரு மைக்ரோமீட்டர். கையேட்டை முழுதாகப் படித்து, கம்ப்ரஷனையும் ஆயில் அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு, நம்பிக்கையான லேத் பட்டறை ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அளந்த எண்கள் எஞ்சின் வேலை தேவையில்லை என்று சொன்னால், அதை நம்பி விட்டுவிடுங்கள். தேவை என்று சொன்னால் துணிந்து இறங்குங்கள். சாதாரண மனிதர்களின் கைகளால்தான் இந்த எஞ்சின்கள் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன.